தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து டிரம்கள்

அத்தியாயம் 11

கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் பவித்ரா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, அவளுடைய மாமியார் அஞ்சலை வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. ஏழாம் வருஷம்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. இப்போது ஏழு மாதம். வளைகாப்பை எந்த வீட்டில் வைப்பது என்று இரண்டு சம்பந்தி வீடுகளும் முறுக்கிக்கொண்டு நின்றதில்தான் போன வாரம் கதையை விட்டோம்.

பட்டாபிராமில் அஞ்சலையின் வீட்டுக்கு இரண்டே அறை. நாற்பது பொம்பளைகள் உட்கார இடமில்லை. அதனால் அவள்தான் கடைசியில் இறங்கி வந்தாள். பாரிவாக்கத்தில், பவித்ராவின் பிறந்த வீட்டு மொட்டை மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள். அப்படி இறங்கி வந்ததை நாளுக்கு மூன்று தடவையாவது போன் போட்டுச் சொல்லிக் காட்டினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மொட்டை மாடி என்றதும் வெறும் சிமென்ட் தரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பவித்ராவின் அப்பா தசரதன் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ஆபரேஷன் ஆகி வந்து படுத்தவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது மருந்தல்ல, மரம். பதினான்கு பிளாஸ்டிக் டிரம்கள், பதினான்கு மரங்கள். ஒன்பது கொய்யா, மூன்று மா, ஒரு சப்போட்டா, ஒரு சீத்தா.

சித்திரை வெயிலில் மாடித் தரை தோசைக்கல்லாகக் காயும். அந்தச் சூட்டில் டிரம்முக்குள் வேர் வெந்துபோகும் என்று ஒவ்வொரு டிரம்முக்கும் அடியில் நான்கு செங்கல் வைத்தார். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். காலையில் ஆறு மணிக்கு ஒரு தண்ணீர், வெயில் சாய்ந்த பிறகு ஒரு தண்ணீர். மேலேயும் நாலு பக்கமும் பச்சை நிழல் வலை. பிள்ளைகளைக்கூட அவர் இவ்வளவு கவனித்து வளர்க்கவில்லை என்று அவர் மனைவி தாட்சாயிணி சொல்வாள். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த மாடியில்தான் இன்று வளைகாப்பு. வைகாசி ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் நல்ல நேரம்.

காலை ஏழு மணிக்கு மகன் விக்ரம் கேட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். அம்பத்தூரில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. அக்காவுக்கு ஐந்து வயது இளையவன். போன் அடித்தது. பெயர் வராத நம்பர்.

"தம்பி, சுலைமான் பேசறேன். எஸ்டேட் பக்கத்துல பழைய டிரம் கடை. ஞாபகம் கீதா?"

"சொல்லுங்க பாய்."

"ரெண்டு வருசம் முன்ன எங்கிட்ட மூணு நீல டிரம்மு எத்துகினு போனியே, அது இன்னும் உங்கிட்ட கீதா?"

விக்ரமின் கை நின்றது. "ஏன் பாய்?"

"சாதா ஆசிட் டிரம்முன்னு நெனச்சிதான் வித்தேன். முலாம் பூசற பட்டறைக்காரன் ஒர்த்தன் அவன் கழிவயெல்லாம் அதுல ஊத்தி வச்சிருந்திருக்கான். மேலாக்க ஒரு கழுவு கழுவி எங்கிட்ட தள்ளிட்டான், கஸ்மாலம். அதே லாட்டுல நாலு டிரம்மு வாங்கினவங்க, வேலை நடக்கற எடத்துல தண்ணி ரொப்பி வச்சிக் குளிச்சிருக்காங்க. மூணு பேரு ஆஸ்பத்திரில கெடக்கறாங்க. நேத்து ஆபீசருங்க வந்து யார் யாருக்கு வித்தேன்னு கேட்டு எழுதிகினு போனாங்க. அதான் நானே ஒவ்வொர்த்தருக்கா போன் போட்டுகினு கீறேன்."

விக்ரம் கயிற்றை விட்டுவிட்டான். வாழைமரம் மெதுவாகக் கேட்டின்மேல் சாய்ந்தது.

"அதுல குடிக்கற தண்ணி எதுனா வச்சியா?"

"இல்ல பாய்."

"செடி கிடி?"

"இல்ல பாய்."

"நல்ல வேளை. அன்னிக்கே சொன்னேன் இல்ல, திங்கற பொருளுக்குன்னா இத்த தொடாதன்னு? மண்ணு அத்த இழுத்து வச்சிக்குமாம். வேர் வழியா ஏறுமாம். ஆபீசரு சொன்னாரு. நீ டிரம்ம ஓரமா வையி, நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

போன் நின்ற பிறகும் விக்ரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

விக்ரம் கெட்டவன் இல்லை. சோம்பேறியும் இல்லை. அப்பாவின் முகம் வாடினால் தாங்கமாட்டான், அவ்வளவுதான் அவனிடம் உள்ள கோளாறு. அது எவ்வளவு பெரிய கோளாறு என்று அவனுக்கே அன்று காலைதான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சில் தையல் காயாத தசரதன் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மாம்பழக்கூழ் வந்த டிரம்மாகப் பார்த்துப் பதினாலு வாங்கிவா. திருமழிசைப் பக்கம் ஒரு ஜூஸ் கம்பெனியில் பதினொன்றுதான் கிடைத்தது. மீதி மூன்றுக்கு அடுத்த லோடு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் நர்சரியிலிருந்து கன்றுகள் வந்து இறங்கிவிட்டன. கறுப்புப் பைக்குள் வேர் முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு, வராந்தாவில் மூன்று கொய்யாக் கன்றுகள் டிரம்முக்காகக் காத்திருந்தன. கட்டிலில் படுத்தபடி அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விக்ரம் சுலைமானின் கடைக்குப் போனான். எதற்கு என்று சுலைமான் கேட்டார். கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடிக்க என்று சொன்னான். டிரம்மின் பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதில் மண்டை ஓடு. லோடு ஆட்டோவை ஓரம் கட்டச் சொல்லி, துணியில் பெட்ரோல் நனைத்து, மூன்று ஸ்டிக்கரையும் தேய்த்து உரித்தான். சலவைத் தூள் போட்டு இரண்டு தடவை கழுவினான். வாடை போனது. வாடை போனால் எல்லாம் போயிற்று என்று நினைத்தான்.

"மாம்பழ வாசனையே வரலியேடா?" என்று அப்பா டிரம்முக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"நல்லா கழுவிட்டேன்ப்பா."

அப்பா அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த மூன்று டிரம்களும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. சுண்ணாம்பு அடித்த பிறகு பதினான்கும் ஒன்றுபோல ஆகிவிட்டன. விக்ரமுக்கும் நாளடைவில் மறந்துபோயிற்று. மறந்துபோனதாக நினைத்துக்கொண்டான்.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினான். ஷாமியானா கட்டியிருந்தார்கள். நடுவில் பவித்ரா உட்கார மரநாற்காலி. தசரதன் விடியலிலிருந்தே பறித்துக் குவித்த கொய்யாக்கள் ஒரு பெரிய கூடை நிறைய இருந்தன. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துத் தாம்பூலப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வளையல், ரவிக்கைத் துணி, அதன்மேல் ஒரு கொய்யா. நாற்பத்தைந்து பைகள்.

"ஊரெல்லாம் தேங்கா குடுப்பாங்க," என்றார் தசரதன், தலை தூக்காமல். "தசரதன் ஊட்ல கொய்யா. நாளைக்கி பட்டாபிராம் பூரா பேசிகினு இருப்பாங்க பாரு."

"அப்பா, எந்தெந்த மரத்துலேர்ந்து பறிச்சீங்க?"

"எல்லாத்துலயும்தான். இன்னாடா கேள்வி இது?"

விக்ரம் கூடையைப் பார்த்தான். எல்லாம் ஒரே பச்சை, ஒரே பருமன். எது எந்த மரத்தினுடையது என்று சொல்ல வழியே இல்லை. தொட்டிப் பக்கம் திரும்பினான். அந்த மூன்று மரங்களும் மற்றவற்றைவிடச் செழிப்பாக நின்றன. ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. விஷம் என்றால் மரம் வாடியிருக்க வேண்டாமா என்று அவனுக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. கூடவே பயமும் எழுந்தது.

"பையில கொய்யா வேணாம்ப்பா. நான் பூந்தமல்லி போயி தேங்கா வாங்கிட்டு வந்துடறேன். அரை மணி நேரம்."

"ஏன்?"

"வெயில்ல அழுகிடும்."

"பறிச்சி ஒரு மணி நேரங்கூட ஆவல, அழுவிடுமா? நைனா, நீ போயி வாழமரத்த கட்டு. கேட்டு மேல வுழுந்து கெடக்குது."

ஒன்பதில் மூன்று. விக்ரம் மனசுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். ஆறு மரம் சுத்தமானது. மூன்றில் ஒரு பழம்தான் சந்தேகம். அதுவும் எவ்வளவு ஏறியிருக்குமோ, ஏறவே இல்லையோ. இப்போது போய் அப்பாவிடம் இதைச் சொன்னால்? அதிர்ச்சி எதுவும் தரக்கூடாது என்று டாக்டர் அன்றைக்கே எச்சரித்திருந்தார். வாயை மூடிக்கொள்ள இதைவிட வசதியான காரணம் கிடைக்காது. விக்ரம் அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் அக்கா?

கீழே படுக்கையறையில் பவித்ரா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ. பாதம் லேசாக வீங்கியிருந்தது. உள்ளே வந்தவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடா மூஞ்சி, உனக்கா பிரசவம்?"

"ஒண்ணும் இல்லக்கா. அப்பா வாராவாரம் பழம் கொண்டு வருவாரே, அதெல்லாம் நீ சாப்பிடுவியா?"

"பின்ன தூக்கியா போடுவேன்? ஞாயித்துக்கிழமை ஆனா ஆவடிக்கு பஸ்ஸு, அங்கேர்ந்து ட்ரெயினு, கையில பையோட வந்து நிப்பாரு. வெயில்ல வராதீங்கன்னா கேக்க மாட்டாரு." அவள் பூவைச் சரி செய்துகொண்டாள். "முதல் மூணு மாசம் தண்ணி குடிச்சாலே வாந்தி. இந்தக் கொய்யா ஒண்ணுதான்டா உள்ள தங்கிச்சு. இப்பவும் தினம் ஒண்ணு. சில நாள் ரெண்டு."

"மத்தவங்க?"

"எங்க மாமியாருக்கு பல்லு இல்ல. அவருக்கு கொய்யாவே பிடிக்காது. எல்லாம் எனக்குத்தான். ஏன்டா?"

ஒன்பதில் மூன்று, ஒன்பதில் மூன்று. அவளுக்குக் கொண்டுபோனதெல்லாம் மற்ற ஆறில் பறித்ததாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. சாமி கும்பிட்டுப் பழக்கமில்லாதவன் அன்றைக்குக் கும்பிட்டான்.

"சும்மாதான் கேட்டேன்," என்றான்.

பவித்ரா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அம்மா வளையல் தட்டோடு உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் வாசலில் வேன் நின்ற சத்தம் கேட்டது. பட்டாபிராம் கூட்டம் இறங்கியது. எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை, கையில் விசிறி.

"யப்பா, இன்னா வெயிலு! எங்க ஊடா இருந்தா ஏசி போட்டுகினு உக்காந்திருக்கலாம். போவுது, நான்தான் ஒத்துகினு வந்தேனே." ஒன்று முடிந்தது. இன்றைய கணக்கில் இன்னும் இரண்டு பாக்கி.

விக்ரம் அவளைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

அஞ்சலைக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. ஆனால் போனில் வருகிற செய்திகளில் அவளுக்குத் தெரியாத நோய் கிடையாது. கேரளாவில் வௌவால் கடித்த பழத்தால் காய்ச்சல் வருகிறது என்று படித்த நாளிலிருந்து அவள் வீட்டில் பழத்தை வெந்நீரில் போட்டுத்தான் எடுப்பாள். இதை அக்காவே சிரிப்போடு சொல்லியிருக்கிறாள். மண்டை ஓட்டைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அப்பாவின் நெஞ்சுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு பொய்யில் நாற்பத்தைந்து பழத்தையும் குப்பையில் போட்டுவிடலாம்.

படிக்கட்டுத் திருப்பத்தில் அவளை நிறுத்தினான்.

"அத்தை, ஒரு விஷயம். நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ராத்திரி கொய்யா மரத்துல வவ்வால் வந்துடுச்சு. சில பழத்துல கடிச்ச தடம் இருக்கு. அப்பா கவனிக்கல, பையில போட்டுட்டாரு."

அஞ்சலையின் விசிறி நின்றது. "வவ்வாலா?"

"மெதுவா, அத்தை. பையை மட்டும் வேணாம்னு சொல்லி..."

மெதுவா என்ற சொல்லை அஞ்சலை வாழ்க்கையில் ஒரு தடவையும் மதித்ததில்லை. மீதிப் படிகளை அவள் ஏறிய வேகத்தை அவள் மகன் அசோக் பார்த்திருந்தால் அம்மாவின் முழங்கால் வலியை இனி நம்பவே மாட்டான்.

"யாரும் பைய தொடாதீங்க! வவ்வால் கடிச்ச பழம்! புள்ளத்தாச்சி ஊட்ல இன்னா வேலை பண்ணி வச்சிகீறாங்க பாரு!"

மாடியில் ஏற்கெனவே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பை வாங்கியிருந்தவர்கள் கையை உதறினார்கள். ஒருத்தி பாதி கடித்த பழத்தைச் சுவரோரம் வீசிவிட்டு வாய் கொப்பளிக்க ஓடினாள். கொய்யாக்கள் தரையில் உருண்டன. விக்ரம் ஒரு சாக்குப் பையை எடுத்து அள்ள ஆரம்பித்தான். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. முடிந்தது. இதை எங்காவது குழி தோண்டிப் புதைத்துவிடலாம். அக்கா இனிமேல் கொய்யாவைத் தொடாமல் அவள் மாமியாரே பார்த்துக்கொள்வாள். நாளைக்குச் சுலைமானின் ஆள் வருவதற்குள் அந்த மூன்று மரத்துக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடலாம்.

ஐந்து நிமிஷம் அந்த நிம்மதி இருந்தது.

தசரதன் மேலே வந்தபோது கையில் சந்தனக் கிண்ணம். பின்னால் தாட்சாயிணி பவித்ராவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தரையில் கிடந்த பழங்களைத் தசரதன் பார்த்தார். மகன் கையிலிருந்த சாக்கையும் பார்த்தார்.

"இன்னாச்சி?"

"இன்னும் இன்னா ஆவணும்?" என்றாள் அஞ்சலை. "சம்பந்தி, ஆறு வருசம் தவம் கெடந்து வந்த புள்ள. வவ்வால் வாய் வச்ச பழத்த எல்லார்க்கும் பையில போட்டு குடுக்கறீங்களே. கேரளாவுல எத்தினி பேரு செத்தாங்க தெரியுமா? உங்க தோட்டத்து பெருமைக்கு எங்க ஊட்டு வாரிச பலி குடுக்கணுமா?"

தசரதனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. நாற்பது பேருக்கு முன்னால் அவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. தாட்சாயிணி பதறிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக. "மேல பாருங்க. நாலு பக்கமும் வலை. வவ்வால் இன்னா, காக்காகூட உள்ள வர முடியாது. ரெண்டு வருசமா இந்த மரத்துக்கு நான் ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல. எரு, வேப்பம் புண்ணாக்கு, தண்ணி. அவ்ளோதான். எம் பொண்ணுக்குப் போயி நான் கெட்ட பழம் குடுப்பனா?"

"அப்போ உங்க புள்ள பொய் சொல்றானா?"

நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்று அவன் கேட்டுக்கொண்டதன் ஆயுள் அவ்வளவுதான். எல்லோரும் விக்ரமைப் பார்த்தார்கள். தசரதனும் பார்த்தார்.

"நீயா சொன்ன?"

"தடம் மாதிரி இருந்துச்சுப்பா. எதுக்கு ரிஸ்க்குன்னு..."

தசரதன் நேராக நடந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நடு டிரம்மில் உச்சிக் கிளையில் தொங்கிய பெரிய கொய்யாவைத் திருகிப் பறித்தார். தாம்பூலத் தட்டில் பாக்கு நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து இரண்டாகப் பிளந்தார். வெள்ளை வெளேரென்று சதை.

"எல்லாரும் பாத்துக்கோங்க," என்றார். "இதுல கெடுதல் இருந்தா மொதல்ல எனக்கு வரட்டும்."

ஒரு பாதியைக் கடித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அப்பா!" என்றான் விக்ரம். அவர் திரும்பவில்லை.

அஞ்சலைகூட விசிறியைக் கீழே இறக்கிவிட்டாள். அறுபத்துமூன்று வயது மனுஷன், வேட்டி சட்டையில், கண்ணில் தண்ணீர் தளும்ப, நாற்பது பேர் பார்க்கப் பழம் தின்றுகொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பவித்ராவால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரப் போனவள் உட்காராமல் அப்பாவிடம் வந்தாள். அவர் கையிலிருந்த மறுபாதியை எடுத்துக்கொண்டாள்.

"பவி, வேணாம்மா," என்றாள் அஞ்சலை.

"எங்கப்பா கொடுத்தது, அத்தை. ஏழு மாசமா சாப்பிட்டுட்டுதான் இருக்கேன்."

கடித்தாள்.

"அக்கா, துப்பு! துப்பிடுக்கா!"

விக்ரம் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவள் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கின. வளைகாப்பு அன்றைக்கு வளையல் உடைகிறதே என்று பின்னால் யாரோ ஒருத்தி வாயில் கை வைத்தாள். பவித்ரா தம்பியைத் திகைத்துப் பார்த்தபடி வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"என்னடா ஆச்சு உனக்கு? வவ்வாலுக்கா இவ்ளோ?"

தசரதன் மெல்லுவதை நிறுத்தினார். பழத்தைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம் அது. அதில் எப்போது பொய் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பல தடவை விட்டிருக்கிறார்.

"வவ்வால் இல்ல," என்றார். "நீ வேற என்னமோ சொல்ல வந்து சொல்லாம கீற. சொல்லு."

இனி ஓடுவதற்கு இடமில்லை. விக்ரம் சொன்னான். அந்த மூன்று டிரம் ஜூஸ் கம்பெனியில் வாங்கியதல்ல என்று சொன்னான். சுலைமான் கடை, மண்டை ஓடு, பெட்ரோல் துணி, காலையில் வந்த போன், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மூன்று பேர், எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. சொல்லி முடித்தபோது தாட்சாயிணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலைக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. ஆனால் அவளுடைய வழக்கமான சத்தம் அதில் இல்லை.

"எந்த மூணு?"

விக்ரம் தொட்டிப் பக்கம் கை காட்டினான். "அது மூணு மட்டும்தான், அத்தை. மத்தது எல்லாம் சுத்தமான டிரம். அக்காவுக்குப் போனது எல்லாம் கலந்து பறிச்சதுதான். எல்லாமே அதுலேர்ந்து போயிருக்காது. இல்லப்பா? எல்லா மரத்துலேர்ந்தும்தானே பறிச்சீங்க? சொல்லுங்கப்பா."

தசரதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பழம் நழுவி விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் நெஞ்சைத் தொடவில்லை. மகளை மட்டும் பார்த்தார்.

"பைக்குத்தான் எல்லாத்துலயும் பறிச்சேன்," என்றார். "மத்த மரத்து பழத்தயெல்லாம் அணில் கடிச்சி வச்சிடும்மா. வலைக்கி அடியில பூந்து வந்துடும். அந்த மூணுல மட்டும் வாயே வைக்காது. ஒரு பழத்துலகூட பல்லு பட்டதில்ல. மாசமா கீற பொண்ணு, கடிபடாத பழமா திங்கட்டுமேன்னு, உனக்கு மட்டும் அதுலேர்ந்தே பறிச்சிகினு வந்தேன். ஏழு மாசமா அதுல மட்டுந்தாம்மா."

விக்ரமின் ஒன்பதில் மூன்று அங்கே செத்தது.

பவித்ரா கையிலிருந்த மீதிப் பழத்தைத் தட்டில் வைத்தாள். அழவில்லை. மாடிச் சுவரோரம் போய், கணவன் அசோக் கீழே சமையல்காரரோடுதான் நிற்கிறானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள்.

"போன வாரம் டாக்டர் ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தாங்கம்மா. வளைகாப்பு முடியட்டும்னு நான் யார்கிட்டயும் சொல்லல. ரிசல்ட்ட ரெண்டு மூணு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'நீங்க ஏதாவது முலாம் பட்டறையில வேலை பாக்கறீங்களா?'"

"நீ என்னம்மா சொன்ன?" என்றாள் தாட்சாயிணி.

"சிரிச்சேன்மா."